லத்தீனோ எழுத்தாளர்கள்: மார்க்கேஸோடு நின்றுபோனவன் எங்கே தொடங்கலாம்?

#1 ஹூஸ்டன்_வெயில்

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் நன்றாக அசடு வழிந்தேன். அதன் விளைவுதான் இந்த இழை.

எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் சகாவிடம், "உங்க இலக்கியம் எனக்கு நல்லாவே தெரியும். மார்க்கேஸ், போர்ஹேஸ், ரூல்ஃபோ எல்லாம் தமிழிலேயே படிச்சிருக்கேன்" என்று பீற்றிக்கொண்டேன். மனிதர் சிரித்துவிட்டார். மார்க்கேஸ் கொலம்பியாவாம், போர்ஹேஸ் அர்ஜென்டினாவாம். இவரோ லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வேர் உள்ள அமெரிக்கர்; பிறந்தது டெக்சாஸின் சான் அன்டோனியோவில். இவருடைய பாட்டி பிறந்ததும் அங்கேதான். "நாங்க எல்லையைத் தாண்டி வரலை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போச்சு" என்றார். இது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாசகம் என்பதும், 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை அமெரிக்காவிடம் இழந்தது என்பதும் வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. என்னிடம் ஒருவர் வந்து "உங்க தாகூரைக் கரைச்சுக் குடிச்சிருக்கேன்" என்று சொன்னால் நான் எப்படி முழித்திருப்பேனோ, அப்படித்தான் அவரும் முழித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு ஒல்லிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். சாண்ட்ரா சிஸ்நேரோஸ் எழுதிய 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்', 1984-இல் வந்தது. சிகாகோவில் வளரும் எஸ்பெரான்சா என்ற சிறுமி சொல்லும் 44 துண்டுகள். சில துண்டு அரைப்பக்கம்தான். கதையா கவிதையா என்று தெரியவில்லை. தலைமுடியைப் பற்றி மட்டுமே ஒரு துண்டு. அம்மாவின் முடி ரொட்டி வாசனை அடிக்கிறது என்கிறாள். ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன்.

அடுத்து என்ன படிக்கலாம்? இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களாகச் சொல்லுங்கள். லைப்ரரி கார்டு இருக்கிறது, காசு பிரச்சினை இல்லை.

#2 பழையபேப்பர்

தம்பி, 'லத்தீனோ' என்பது ஓர் இலக்கிய வகையே அல்ல. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் 1980-இல் எல்லாப் படிவத்திலும் 'ஹிஸ்பானிக்' (ஸ்பானிய மொழி வழி வந்தவர்) என்று ஒரு கேள்வியை வைத்தார்கள். பிறகு 'லத்தீனோ' வந்து ஒட்டிக்கொண்டது. பிரேசில்காரன் லத்தீனோ, ஆனால் ஸ்பானிய மொழிக்காரன் அல்ல. ஸ்பெயின்காரன் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ அல்ல. இப்படிப்பட்ட பெட்டிக்குள் இலக்கியத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்? எழுத்துப் பயிற்சிப் பள்ளிகளில் செய்த பண்டம்தான் கிடைக்கும். எல்லாவற்றிலும் ஒரு பாட்டி, ஒரு சமையலறை, ஓர் எல்லைக்கம்பி. திரும்பி ரூல்ஃபோவிடமே போங்கள். நூற்றிச் சொச்சம் பக்கத்தில் அந்த ஆள் செய்ததை இவர்கள் நானூறு பக்கத்திலும் செய்யவில்லை.

#3 கடைசிபெஞ்ச்

ஐயா, மார்க்கேஸோட 'தனிமையின் நூறு ஆண்டுகள்'ல தலைமுறை தலைமுறையா அவுரேலியானோன்னே பேரு வைப்பாங்களே, எத்தனையாவது அவுரேலியானோ வரைக்கும் வந்தீங்க? நான் மூணாவதுலயே இறங்கிட்டேன் 🙂

#4 அடிக்குறிப்பு

பழையபேப்பர் ஐயா சொல்வதில் பாதி சரி. பெட்டி அரசாங்கம் செய்ததுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் தள்ளப்பட்டவர்கள் எழுதியதை நாம் படிக்கவே இல்லையே. நாம் தமிழில் 'லத்தீன்' என்றாலே மாய யதார்த்தம், வானத்திலிருந்து பூ கொட்டும் என்று முடிவு கட்டிவிட்டோம். இவர்கள் எழுதும் உலகத்தில் பூ கொட்டாது, வாடகை பாக்கிக்காகக் கதவைத் தட்டுவார்கள்.

ஹூஸ்டன்_வெயில், உங்களுக்கு நான் இரண்டு புத்தகத்தை ஜோடியாகத்தான் சிபாரிசு செய்வேன். இரண்டும் டொமினிகன் குடியரசைப் பற்றியவை. அங்கே சர்வாதிகாரி ட்ருஹியோ 1930-லிருந்து 1961-இல் சுட்டுக் கொல்லப்படும் வரை ஆண்டான். ஊர் வீதியிலிருந்து தலைநகரம் வரைக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்டவன்.

முதலாவது, ஹூலியா அல்வாரெஸ் 1994-இல் எழுதிய 'இன் தி டைம் ஆஃப் தி பட்டர்ஃபிளைஸ்'. ட்ருஹியோவை எதிர்த்த மிராபல் சகோதரிகள் பாத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா மூவரும் சிறையிலிருந்த கணவன்மாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், 1960 நவம்பர் 25 அன்று, மலைப்பாதையில் மறித்து அடித்துக் கொல்லப்பட்டார்கள். வண்டி ஓட்டிய ருஃபினோ தெ லா க்ரூஸும் கூடவே கொல்லப்பட்டார். அவரைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் சர்வதேச நாள் நவம்பர் 25-இல் வருவது இதனால்தான். நாலாவது சகோதரி தெதே அன்று அந்த வண்டியில் ஏறவில்லை, 2014 வரை உயிரோடு இருந்தார். நாவலின் உயிரே அந்த தெதேதான். வருஷா வருஷம் யாராவது பேட்டி எடுக்க வீட்டுக்கு வந்து நிற்பார்கள். தான் ஏன் சாகவில்லை என்று அவளும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஜூனோ டியாஸ் 2007-இல் எழுதிய 'தி ப்ரீஃப் வொண்ட்ரஸ் லைஃப் ஆஃப் ஆஸ்கார் வாவ்'. அடுத்த வருஷம் புலிட்சர் வாங்கியது. (நாவலுக்குப் புலிட்சர் வாங்கிய முதல் லத்தீனோ 1990-இல் ஆஸ்கார் இஹுவேலோஸ், 'மேம்போ கிங்ஸ்' நாவலுக்காக.) நியூஜெர்சியில் ஒரு குண்டுப் பையன். காமிக்ஸ் பைத்தியம், காதல் கைகூடாதவன். மேலே அவன் கதை ஓடும், கீழே அடிக்குறிப்பில் ட்ருஹியோவின் சரித்திரம் தெருப்பேச்சில் ஓடும். என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு சமாச்சாரம். அதில் ஸ்பானியச் சொற்கள் சாய்வெழுத்தில் இல்லை, அருஞ்சொற்பொருளும் கிடையாது. வீட்டில் எப்படிக் கலந்து பேசுவார்களோ அப்படியே இருக்கும். புரியாதவன் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். முன்பெல்லாம் ஒரு ஸ்பானியச் சொல் வந்தால் அடுத்த வரியிலேயே ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லிவிடுவார்கள், விருந்தாளிக்கு நாற்காலி போடுவது மாதிரி. அந்த நாற்காலியை இவர் எடுத்துவிட்டார்.

#5 பழையபேப்பர்

அடிக்குறிப்பில் சரித்திரம் எழுதுவது புதிதல்லவே. போர்ஹேஸ், உலகத்திலேயே இல்லாத புத்தகத்துக்கே அடிக்குறிப்பு எழுதியவர்.

#6 நிலாச்சோறு

எல்லாரும் கனமா அடுக்கறீங்க, நான் கொஞ்சம் லேசா ஒண்ணு சொல்றேன். லேசுன்னா படிக்க லேசு, மனசுக்கு இல்ல.

எலிசபெத் அசெவேதோவோட 'தி பொயட் எக்ஸ்', 2018. முழு நாவலும் கவிதையா இருக்கும். ஹார்லெம்ல ஸியோமாரான்னு பதினஞ்சு வயசுப் பொண்ணு. அம்மா டொமினிகன், சர்ச்சே கதின்னு இருக்கறவங்க. பொண்ணு யாருக்கும் தெரியாம ஒரு நோட்டுல கவிதை எழுதிட்டு இருக்கா. ஒருநாள் அம்மா அந்த நோட்டை எடுத்துக் கொளுத்திடறாங்க. அந்த இடத்துல என் பொண்ணு (அவளுக்கும் அதே வயசு) புத்தகத்தை மூடி வெச்சிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க. நான் எதையும் கொளுத்தினதில்ல, ஆனா அவ டைரியை ஒரு தடவை படிச்சிருக்கேன். அன்னிக்கு ராத்திரி அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அசெவேதோ முன்னாடி மேரிலாண்ட்ல எட்டாங்கிளாஸ் டீச்சர். இந்தப் புத்தகத்துக்கு அமெரிக்காவோட தேசியப் புத்தக விருது வந்தது, 2019-ல பிரிட்டன்ல சிறார் புத்தகத்துக்குத் தர்ற கார்னகி மெடலும் வந்தது. வெள்ளைக்காரங்க அல்லாத ஒருத்தர் அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. முடிஞ்சா ஆடியோபுக்கா கேளுங்க, அவங்களே வாசிச்சிருக்காங்க. மேடைக் கவிஞர் வேற, குரல் அப்படியே மேல ஏறி இறங்கும்.

அடுத்து 'கிளாப் வென் யூ லேண்ட்', 2020. ஒரே அப்பா, ரெண்டு குடும்பம். ஒரு பொண்ணு நியூயார்க்ல, ஒரு பொண்ணு டொமினிகன் குடியரசுல. ஒருத்தி இருக்கறது இன்னொருத்திக்குத் தெரியாது. அப்பா போற விமானம் விழுந்த அப்புறம்தான் தெரிய வருது. 2001 நவம்பர் 12 அன்னிக்கு நியூயார்க்லேர்ந்து சாந்தோ தொமிங்கோ கிளம்பின விமானம் குவீன்ஸ் வீடுகள் மேலயே விழுந்து 265 பேர் செத்தாங்க இல்லையா, அதுலேர்ந்து பிறந்த கதை. செப்டம்பர் 11 முடிஞ்சு ரெண்டே மாசம். தீவிரவாதம் இல்லன்னு தெரிஞ்சதும் எல்லாரும் மறந்துட்டாங்க, அந்த ஊர்க்காரங்களைத் தவிர.

#7 ஒருகோப்பை

நான் ரொறன்ரோவில அகதி வழக்குகளுக்கு உரைபெயர்ப்பாளரா கனகாலம் வேலை செய்தனான். அதால இந்தப் புத்தகத்தைப் பற்றி நான்தான் எழுத வேணும்.

வலேரியா லூயிசெல்லி, மெக்சிகோ நகரத்தில 1983இல பிறந்தவ. 2015இல நியூயோர்க் குடிவரவு நீதிமன்றத்தில, தனிய எல்லை கடந்து வந்த பிள்ளையளுக்கு உரைபெயர்ப்பாளரா உதவி செய்தவ. ஒவ்வொரு பிள்ளையிட்டயும் நாப்பது கேள்வி கேக்க வேணும். முதல் கேள்வி: ஏன் அமெரிக்காவுக்கு வந்தனீர்? அந்த நாப்பது கேள்வியையும் முதுகெலும்பா வைச்சு ஒரு சின்னக் கட்டுரைப் புத்தகம் எழுதினவ, 'டெல் மீ ஹவ் இட் எண்ட்ஸ்', 2017. வீட்டில இருக்கிற அவவின்ர சின்ன மகள், அந்தப் பிள்ளையளின்ர கதை எப்பிடி முடியுது எண்டு கேட்டுக்கொண்டே இருப்பா. அதுதான் தலைப்பு.

அதில அவ சொல்லுறா, பிள்ளையள் ஒழுங்காக் கதை சொல்லமாட்டினம், முன்னுக்குப் பின்னாத்தான் வரும் எண்டு. நூறு வீதம் உண்மை. என்ர வழக்கு ஒண்டில ஒரு பொடியன், பதினாலு வயசிருக்கும். "எப்ப ஊரை விட்டு வெளிக்கிட்டனீர்?" எண்டு கேட்டவை. "மாம்பழம் பழுக்கேக்க" எண்டான். நான் அப்பிடியே ஆங்கிலத்தில சொன்னன். எந்த மாதம் எண்டு திருப்பிக் கேட்டவை. அவன் யோசிச்சுப்போட்டு, "கறுத்தக்கொழும்பான் முடிஞ்சு போச்சுது, மற்ற மரம் அப்பதான் பழுத்தது" எண்டான். அறையில இருந்த ஒருத்தருக்கும் விளங்கேல்ல, எனக்கு மட்டும் வடிவா விளங்கினது. ஆனா உரைபெயர்ப்பாளர் தான் விளங்கினதைச் சொல்லக்கூடாது. அவன் சொன்னதை மட்டும்தான் சொல்லலாம்.

பிறகு அதே விசயத்தை அவ நாவலா எழுதினவ, 'லொஸ்ட் சில்ட்ரன் ஆர்க்கைவ்', 2019. 2021இல டப்ளின் இலக்கியப் பரிசு கிடைச்சது. ஒரு குடும்பம் நியூயோர்க்கில இருந்து அரிசோனாவுக்குக் காரில போகுது, பின்னுக்கு ரெண்டு பிள்ளையள். எனக்குக் கட்டுரைதான் கூடப் பிடிச்சது. நாவலில கொஞ்சம் கெட்டித்தனம் காட்டுறா.

காட்டுறது பிடிக்காட்டில் ஹவியேர் சமோராவின்ர 'சொலீட்டோ' வாசியுங்கோ, 2022. எல் சல்வதோரில இருந்து 1999இல, ஒம்பது வயசில, தாய் தேப்பனிட்டப் போறதுக்குத் தனிய வெளிக்கிட்ட பிள்ளை. ரெண்டு கிழமைப் பயணம் எண்டு சொன்னது ரெண்டு மாதமாப் போச்சுது. முன்பின் தெரியாத ஆக்கள் வழியில குடும்பமாகினவை. வளந்த ஆளின்ர அறிவை உள்ளுக்க விடாமல், ஒம்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதியிருக்கிறார். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

#8 ஹூஸ்டன்_வெயில்

ஒருகோப்பை, மாம்பழக் கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

லைப்ரரியில் 'சொலீட்டோ'வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். பக்கத்து அலமாரியில் 'அமெரிக்கன் டர்ட்' சும்மா இருந்தது, எடுத்து வந்தேன். ஆபீஸில் அதைப் பார்த்ததும் சகா முகத்தைச் சுளித்தார். என்ன விஷயம்?

#9 அடிக்குறிப்பு

அது 2020 ஜனவரியில் வெடித்த சண்டை. கார்ட்டெல் என்ற போதைக் கடத்தல் கும்பலுக்குப் பயந்து மகனோடு வடக்கே ஓடும் ஒரு மெக்சிகோப் பெண்ணின் கதை. எழுதியவர் ஜெனின் கம்மின்ஸ். பெரிய முன்பணம், பெரிய விளம்பரம், ஓப்ரா வின்ஃப்ரேயின் வாசகர் வட்டத் தேர்வு. ஆனால் மெக்சிகோவைத் தெரிந்தவர்கள் படித்தபோது ஊரும் பேச்சும் ஒட்டவில்லை. மீரியம் குர்பா என்ற எழுத்தாளர் காரசாரமாக ஒரு விமர்சனம் எழுதினார். புத்தகத்துக்காக நடந்த விருந்தில் மேஜை அலங்காரமாக முள்கம்பி சுற்றிய பூச்சாடி வைத்த போட்டோ வேறு வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் ஓப்ராவுக்குக் கடிதம் எழுதினார்கள். பதிப்பகம் ஆசிரியரின் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தது. புத்தகம் என்னவோ நன்றாகவே விற்றது.

யார் யாரைப் பற்றி எழுதலாம் என்ற பழைய சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், தமிழில் அதற்குத் தனி இழைகளே ஓடுகின்றன. என் வருத்தம் வேறு. அந்த முன்பணத்தில் கால்வாசி கூடக் கிடைக்காமல் இதே விஷயத்தை எழுதியவர்கள் எத்தனை பேர்? உங்கள் ஊரிலேயே பாருங்கள். சிஸ்நேரோஸின் அந்த ஒல்லிப் புத்தகத்தை முதலில் போட்டது நியூயார்க்கின் பெரிய பதிப்பகம் அல்ல, 1979-இல் தொடங்கி, பிறகு ஹூஸ்டனுக்கு வந்த 'ஆர்த்தே பூப்ளிகோ' என்ற சின்னப் பதிப்பகம்.

ஹூஸ்டன் என்றதும் ஞாபகம் வருகிறது. அரிசோனாவில் 2010-இல் வந்த ஒரு சட்டத்தைக் காட்டி, டூசான் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த மெக்சிக-அமெரிக்கப் பாடத்தையே 2012 ஜனவரியில் நிறுத்தினார்கள். ஏழு புத்தகங்களைப் பெட்டியில் கட்டி வகுப்பறையிலிருந்து எடுத்துப் போனார்கள். உங்கள் ஊர் எழுத்தாளர்கள் சிலர் அதே மார்ச்சில் தடைபட்ட புத்தகங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து டூசானுக்குப் போனார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'லிப்ரோத்ராஃபிகாந்தே', அதாவது புத்தகக் கடத்தல்காரர்கள். 2017-இல் நீதிமன்றம், அந்தச் சட்டத்தை அங்கே பிரயோகித்ததற்குப் பின்னால் இனத் துவேஷம் இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது.

#10 கடைசிபெஞ்ச்

புக்கைக் கடத்துறதா! நம்ம ஊர்ல வாங்கிட்டுப் போன புக்கைத் திருப்பித் தராம இருக்கறதுக்கு இனிமே இந்தப் பேரையே சொல்லிக்கலாம்.

#11 பழையபேப்பர்

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. இதுவரை சொன்னதெல்லாம் எல்லை, அகதி, சர்வாதிகாரி, விமான விபத்து. துயரத்தைக் காட்டித்தான் இவர்கள் உள்ளே வர முடியுமா? விளையாடிப் பார்க்க ஆளே இல்லையா?

#12 நிலாச்சோறு

இது நியாயமான கேள்விங்க ஐயா. கார்மென் மரியா மச்சாதோ இருக்காங்களே! 'ஹெர் பாடி அண்ட் அதர் பார்ட்டீஸ்', 2017. முதல் கதையில ஒரு பொண்ணு கழுத்துல எப்பவும் ஒரு பச்சை ரிப்பன். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, எல்லாம் கொடுத்தாச்சு, அந்த ரிப்பனை மட்டும் தொடக்கூடாதுங்கறா. புருஷனுக்கு அதைத் தொட்டே ஆகணும். நல்ல மனுஷன்தான் அவன், அதுதான் பயமே. முடிவை நான் சொல்லமாட்டேன், ராத்திரி தனியாப் படிக்காதீங்க.

#13 அடிக்குறிப்பு

ஹெர்னான் டியாஸையும் சேருங்கள். பிறந்தது அர்ஜென்டினா, வளர்ந்தது ஸ்வீடன். 'ட்ரஸ்ட்' நாவலுக்காக 2023 புலிட்சரைப் பார்பரா கிங்சால்வரோடு பகிர்ந்துகொண்டார். வால்ஸ்ட்ரீட் பணக்காரன் ஒருவனின் கதையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் முந்தியதைப் பொய்யாக்கும். பாட்டியும் இல்லை, எல்லைக்கம்பியும் இல்லை. 'லத்தீனோ' அலமாரியில் தேடினால் அநேகமாகக் கிடைக்காது.

ஜஸ்டின் டோரெஸின் 'பிளாக்அவுட்ஸ்' 2023 தேசியப் புத்தக விருது வாங்கியது. தன்பாலீர்ப்பாளர்களை ஆராய்ந்து 1941-இல் வந்த ஒரு நிஜ மருத்துவ நூலின் பக்கங்களை எடுத்து, கறுப்பு மையால் அடித்து, மிஞ்சிய சொற்களில் கவிதை வரும்படி செய்திருக்கிறார்கள். விளையாட்டு போதுமா ஐயா?

#14 ஒருகோப்பை

ஐயாவுக்கு எண்டு இன்னொண்டு இருக்கு. முதல் சொன்ன லூயிசெல்லியே எழுதினதுதான், 'தி ஸ்டோரி ஒஃப் மை டீத்'. மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில எக்காதெபெக்கில ஒரு பழச்சாறு ஃபக்ரறி. அவ பகுதி பகுதியா எழுதி அனுப்ப, அங்கத்தைத் தொழிலாளர் கூடியிருந்து உரத்து வாசிச்சு, தங்கட கதையளையும் சேத்துக் கதைச்சு, அதை ஒலிப்பதிவு செய்து அவவுக்கு அனுப்புவினம். அவ அதைக் கேட்டுப்போட்டு அடுத்த பகுதி எழுதுவா. கியூபாவில சுருட்டு ஃபக்ரறியில ஒராள் கதிரையில இருந்து நாவல் வாசிக்க, மற்றவை சுருட்டுச் சுத்திக்கொண்டு கேக்கிற பழக்கம் இருந்தது. அதில இருந்து வந்த யோசினையாம்.

#15 பழையபேப்பர்

சுருட்டா? கண்ணூரில் பீடித் தொழிலாளிகள் நடுவில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பார், அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். 1970-களில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வாசிப்பே அப்படித் தூரத்தில் நின்று காது கொடுத்ததில் தொடங்கியதுதான்.

அந்தப் பல் புத்தகம் சென்னையில் கிடைக்குமா?

#16 கடைசிபெஞ்ச்

😂😂 ஆர்டர் போட்டாச்சு ஐயா, வீட்டு அட்ரஸ் தனிச்செய்தியில அனுப்புங்க.

#17 ஹூஸ்டன்_வெயில்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

'பட்டர்ஃபிளைஸ்', 'பொயட் எக்ஸ்', லூயிசெல்லியின் கட்டுரை, 'சொலீட்டோ' முடித்தேன். 'ஆஸ்கார் வாவ்' பாதியில் நிற்கிறது, அந்தத் தெருப்பேச்சு எனக்கு ஓடவில்லை. அடிக்குறிப்பு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

யாரும் சொல்லாத ஒன்றை நானே கண்டுபிடித்தேன், அதுவும் என் ஊரிலேயே. க்ரிஸ்தினா ரிவெரா கார்ஸா இங்கே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 'லிலியானாஸ் இன்வின்ஸிபிள் சம்மர்'. இவருடைய தங்கை லிலியானா, கட்டடக்கலை மாணவி, 1990 ஜூலை 16-இல் மெக்சிகோ நகரத்தில் கொல்லப்பட்டாள். வயது இருபது. சந்தேகம் பழைய காதலன் மேல், அவன் பிடிபடவே இல்லை. 29 வருஷம் கழித்து அக்கா அந்த வழக்குக் கட்டைத் தேடி அரசு அலுவலகங்களில் ஏறி இறங்குகிறார். முதலில் ஸ்பானிய மொழியில் எழுதி, பிறகு தானே ஆங்கிலத்தில் எழுதினார். 2024-இல் புலிட்சர்.

தங்கையின் நோட்டுகள், கடிதங்கள், பெட்டிகளில் அத்தனை வருஷமாகத் திறக்காமலே கிடந்திருக்கின்றன. அக்கா திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பாதிப் புத்தகம் லிலியானாவின் வரிகள்தான். தோழிகளோடு வம்பு, சினிமா, பரீட்சை, யார் மேலோ கோபம். கொலையைப் பற்றிய புத்தகம் என்று எடுத்தேன். அவள் நீச்சலுக்குப் போனதுதான் மனசில் நிற்கிறது.

சகாவிடம் 'மேங்கோ ஸ்ட்ரீட்'டைத் திருப்பிக் கொடுத்தபோது, தன் அம்மா அதை ஸ்பானிய மொழியில்தான் படித்தார் என்றார், எலேனா பொனியதோவ்ஸ்கா மொழிபெயர்ப்பில். ஆங்கிலத்தில் எழுதிய மகள், அதை அம்மா படிக்க ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் சாண்ட்ரா 'சிஸ்னெரஸ்' என்று சொல்ல, 'சிஸ்நேரோஸ்' என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு நான் 'மழை'யும் 'வாழை'யும் சொல்லிக் கொடுத்தேன். கணக்குச் சரியாகிவிட்டது.

#18 பழையபேப்பர்

பல் புத்தகம் வந்து சேர்ந்தது. ஏலக்காரன் ஒருவன் பிளேட்டோவின் பல், வர்ஜீனியா வுல்ஃபின் பல் என்று கதை கட்டி ஏலம் விடுகிறான். அவன் வாயில் இருப்பது மர்லின் மன்றோவின் பல் என்று வேறு சொல்கிறான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாளைக்குப் பத்துப் பக்கம்தான் ஓடுகிறது. பேரனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன், அவனுக்கு ஸ்பானியப் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. முடித்துவிட்டு வந்து திட்டுகிறேன்.